சுவர்ப் பல்லி, மூன்றாம் பக்கம்

ஜங்ஷன் பத்திரிகை ஆபீசில்
மாடிப்படிக்குக் கீழே என் மேஜை.
வாடகைக்கு வீடு, காணவில்லை, கண்ணீர் அஞ்சலி:
சொல்லை எண்ணிக் காசு வாங்குவேன்.

மாடியில் மாசானமுத்து.
சந்தை நிலவரம் எழுதச் சேர்ந்தவர்.
பாவூர்சத்திரத்தில் வெண்டை, அம்பையில் நெல்,
களக்காட்டில் ஏத்தன் தார்.
ஒருநாள் தக்காளிக்கு நேரே ரூபாய் போடாமல்
'வீட்டில் சொல்ல வேண்டாம்' என்று போட்டுவிட்டார்.

ஆசிரியர் கத்தினார்.
இரண்டு நாளில் எழுபது கார்டு வந்தது.
அவரே மூன்றாம் பக்கத்தில்
ஒரு சாண் இடம் ஒதுக்கினார்.

என்ன பெயர் போட என்றதற்கு
டியூப்லைட்டைப் பார்த்து 'பல்லி' என்றாராம்.
'எல்லா வீட்டுலயும் இருக்கும், வாடகை குடுக்காது,
எவன் பொய் சொன்னாலும் உடனே உச்சுக் கொட்டும்.'

தச்சநல்லூர் முக்கில் ஒரு குழி.
அதற்கு மூன்றாவது பிறந்தநாள் கொண்டாடினார்:
மழைக்கு மழை வளர்த்தி நன்றாக இருக்கிறது,
இதுவரை விழுங்கியது
இரண்டு சைக்கிள், ஒரு தவில் வித்வான்.
கவுன்சிலர் வக்கீல் நோட்டீஸ் விட்டார்.
கட்டம் கட்டி மறுப்புப் போட்டோம்:
'குழிக்கு மூன்று வயது என்றது தவறு.
நான்கு. வருந்துகிறோம்.'

'வாலை அறுத்துப் போட்டுட்டேன், தாயி.
அது துடிக்கத அவரு பாத்துக்கிட்டு இருக்கட்டும்'
என்றபடி மாடி ஏறினார்.

சென்னையில் ஒரு வாரப் பத்திரிகை கூப்பிட்டது.
எட்டே மாதம்.
'வாயைத் தொறக்கதுக்கு முன்னாலயே சிரிக்கானுவ.
பயமா இருக்கு.'

புத்தகம் ஒன்று போட்டார். ஐந்நூறு பிரதி,
நானூற்றுப் பத்து கட்டிலுக்கு அடியில்.
நூலகம் வாங்கிய இரண்டையும்
விலங்கியலில் அடுக்கியிருந்தார்கள்,
பாம்புக்கடி முதலுதவிக்குப் பக்கத்தில்.
மாற்ற வந்தவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாராம்:
'இருக்கட்டும். இங்கதான் ஆளு அவசரமா வாரான்.'

உலகம்மாள் ஹைகிரவுண்டில் பதினேழு நாள் கிடந்தாள்.
பதினேழு நாளும் பல்லி வந்தது.
படித்தேன். சிரித்தேன்.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பதினெட்டாம் நாள் காலை
மழிக்காத முகத்தோடு என் மேஜைக்கு வந்து
தாளை நீட்டினார்.
எண்ணினேன். இருபத்து மூன்று சொல்.
திரும்ப வாங்கி என் பேனாவாலேயே அடித்தார்.
'ஆழ்ந்த' போயிற்று. 'மீளாத் துயரில்' போயிற்று.
'அன்பு மனைவி'க்கு வந்து, நின்றுவிட்டார்.
'அன்பை எடுத்துரு. அவளுக்குத் தெரியும்.
காசை வீணாக்குனா ஏசுவா.'

ரசீது கிழித்துக் கொடுத்தேன்.
அவர் தெருத் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு
என் பர்சிலிருந்து ஒரு சொல்லுக்குக் காசு போட்டு
அதைத் திரும்ப வைத்தேன்.

காரியம் முடிந்து வந்தவர்
படியில் கால் வைத்துக்கொண்டு சொன்னார்:
'அச்சுப்பிழை இருந்துது. ஒரு சொல்லு கூட.'
நான் நிமிரவில்லை.
மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம்
வெகுநேரம் கேட்கவில்லை.

பிறகும் பதினோரு வருஷம் எழுதினார்.
சில நல்லா இருந்தது.

போன மாதம் வந்தார், ரிட்டையர்டு ஆன மனுஷர்,
சட்டைப் பையில் ஒரு போட்டோ.
தச்சநல்லூர்க் குழியை மூடிவிட்டார்களாம்,
தார் இன்னும் சுடுகிறதாம்.
'கண்ணீர் அஞ்சலி. கால் பக்கம். வயசு இருபத்தாறு.'
எண்ணினேன்.
'அன்பு' இரண்டு இடத்தில் இருந்தது.
பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை.
முழுக்காசும் கட்டினார்.

ஞாயிறு வரவேண்டிய விளம்பரம்.
வெள்ளிக்கிழமை குடிநீர்க் குழாய்க்காரர்கள்
அதே இடத்தைத் தோண்டிவிட்டார்கள்.
சனிக்கிழமை நான் ஷட்டரைத் தூக்குகிறேன்,
ரசீதும் கையுமாக நிற்கிறார்.

'ஆளு எந்திச்சு உக்காந்துட்டு, தாயி.
காசைத் திருப்பிக் குடு.'